பேய்ப்படங்களின் தொடக்க டைட்டில்: அச்சம் எங்கிருந்து பிறக்கிறது?

கெடிலக்கரை (கடலூர் முதுநகர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நானும் நண்பர்கள் மூவரும் 22 நிமிடக் குறும்படம் ஒன்றின் படப்பிடிப்பை முடித்து, இப்போது படத்தொகுப்பில் இருக்கிறோம். படத்தின் பெயர் ‘பேழை’. முதுநகரில் உப்பனாற்றை ஒட்டிய ஒரு பழைய ஓட்டு வீட்டில், பாட்டியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவர் யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த மரப்பெட்டியைப் பேத்தி திறக்க முற்படுவதுதான் கதை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் படம் கடைசிவரை காட்டாது.

தொடக்க டைட்டிலுக்காக நான் செய்த முதல் வடிவம் 95 வினாடி ஓடியது. கறுப்புப் பின்னணியில் இரத்தம் வழியும் சிவப்பு எழுத்துகள், குறுக்கே பறக்கும் வௌவால்கள், இடைவிடாத உறுமல் இசை, முடிவில் ஒரு பெண்ணின் அலறல். உறவினர்களும் நண்பர்களுமாக எட்டுப் பேரை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். ஒருவரும் அசையவில்லை. நாற்பதாம் வினாடியிலேயே ஒருவர் கைப்பேசியை எடுத்துவிட்டார். டைட்டிலை நீக்கிவிட்டு நேரடியாக முதல் காட்சியில் தொடங்கியபோது அவர்கள் கூடுதல் கவனத்துடன் பார்த்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் டைட்டிலைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ (1980) தொடக்கத்தை இந்த மாதத்தில் மட்டும் பலமுறை பார்த்துவிட்டேன். பட்டப்பகல், அசையாத ஏரி, மலைகள், வளைந்து செல்லும் சாலையில் ஒரு சிறிய மஞ்சள் கார், அவ்வளவுதான். இருட்டு இல்லை, இரத்தம் இல்லை, யாரும் அலறவில்லை. இருந்தும் அந்தக் காரில் போகிறவருக்கு நல்லது நடக்காது என்று வயிறு சொல்லிவிடுகிறது. நான் எல்லாவற்றையும் கொட்டியும் வராத அச்சம், எதையுமே காட்டாத அந்த மூன்று நிமிடத்தில் எப்படி வருகிறது? தமிழ் எழுத்தை வைத்துக்கொண்டு அதைப் போன்ற ஒன்றைச் செய்ய முடியுமா? அறிந்தவர்கள் பொறுமையுடன் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒளிக்கற்றை (புதுச்சேரி) எழுதியது:

தம்பிக்கு வணக்கம். புதுச்சேரித் திரையரங்குகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். படத்தைவிடப் படம் பார்ப்பவர்களின் பின்னந்தலைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் அரங்குகளில் டைட்டில் ஓடும் நேரம் என்பது இருக்கை தேடும் நேரம். டார்ச் வெளிச்சம் ஒருபுறம், முறுக்கு விற்பவரின் குரல் ஒருபுறம், அழும் குழந்தை ஒருபுறம் என்று அரங்கம் அடங்காமல் இருக்கும். அதனால்தான் நம் டைட்டில் இசை பெரும்பாலும் உரத்து ஒலித்தது. அது கூட்டத்தை அடக்கும் வேலையையும் சேர்த்துச் செய்தது. ஆனால் பேய்ப்படம் ஓடும்போது நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்: அரங்கம் அடங்குவது சத்தம் ஏறும்போது அல்ல, ஏறிக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று இறங்கும்போதுதான். தணிக்கைச் சான்றிதழில் ‘ஏ’ என்ற எழுத்தைக் கண்டதும் ஒரு சலசலப்பு எழும்; அடுத்து எந்த ஒலியும் இல்லாமல் திரை இருண்டு நான்கைந்து வினாடி நின்றால், முறுக்குக்காரர்கூட நின்ற இடத்தில் நின்றுவிடுவார். உங்கள் உறுமல் இசை 95 வினாடியும் ஒரே மட்டத்தில் இருந்திருந்தால், பத்தாவது வினாடியிலேயே அது மின்விசிறியின் ஓசையாகிவிட்டிருக்கும்.

‘தி ஷைனிங்’ பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள கிளேசியர் தேசியப் பூங்காவில் ஹெலிகாப்டரிலிருந்து எடுக்கப்பட்ட காட்சிகள் அவை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, ‘பார்ப்பது யார்’ என்பது. கேமரா மேலிருந்து காரைத் தொடர்கிறது. ஓரிடத்தில் பின்னால் நெருங்கி வந்து, காரைத் தாண்டி, சாலையை விட்டே விலகிப் பள்ளத்தின் மேல் பறந்து போய்விடுகிறது. மனிதன் அப்படிப் பார்க்க மாட்டான். பறவைக்கும் அந்தக் காரில் அக்கறை இருக்க நியாயமில்லை. யாருடைய பார்வை அது என்று தெரியாமல் நம் மனம் தவிக்கிறதே, அந்தத் தவிப்புதான் நீங்கள் வயிற்றில் உணர்ந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். பெயர்கள் வெளிர்நீல நிறத்தில் கீழிருந்து மேலாக ஏறிப் போகின்றன. அப்படி ஏறுவது வழக்கமாகப் படத்தின் முடிவில்தான். கதை தொடங்கும்போதே முடிந்துவிட்டதற்கான அடையாளம் திரையில் ஓடுகிறது. பார்ப்பவர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை, ஆனால் கண் பழகிய பழக்கம் ஒன்று இடறுகிறது.

ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) இதற்கு நேர் எதிரான வழியில் அதே இடத்துக்கு வருகிறது. கறுப்புத் திரையின் இடப்பக்கத்தில் கண்ணும் மூக்கும் வாயும் குடைந்த ஒரு பூசணிக்காய். உள்ளே விளக்கு எரிகிறது. பெயர்கள் வலப்பக்கத்தில் வந்து மறைய, கேமரா மிக மெதுவாக அதை நெருங்கிக்கொண்டே போகிறது. ஏதோ நடக்கப் போகிறது என்று காத்திருக்கிறோம். நெருங்குவதைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை. இறுதியில் உள்ளிருக்கும் வெளிச்சம் அணைகிறது. (நம் ஊரில் கட்டி முடியாத வீட்டின் முன் தொங்கும் திருஷ்டிப் பூசணியின் முகம் நம்மைக் காப்பதற்காக வரையப்பட்டது. ஆகவே அதே காய் நம் பார்வையாளருக்கு அதே அச்சத்தைத் தராது. உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் எந்தப் பொருள் அதைச் செய்யும் என்பதை நீங்கள்தான் தேட வேண்டும்.)

புள்ளிக்கோலம் (முத்தியால்பேட்டை) எழுதியது:

ஐயா சொன்னதுடன் முழுமையாக உடன்படுகிறேன். என் அப்பா விளம்பரப் பலகை எழுதியவர். அவருடன் ஏணியில் நின்று வளர்ந்த நான் இப்போது கணினியில் எழுத்து வடிவமைப்புச் செய்கிறேன். எனவே கெடிலக்கரை அவர்களின் இரண்டாவது கேள்வியை, அதாவது தமிழ் எழுத்தைப் பற்றியதை, எடுத்துக்கொள்கிறேன்.

இரத்தம் வழியும் எழுத்து ஏன் பயன்படவில்லை என்றால், அது கேள்வி எழுவதற்கு முன்பே விடையைச் சொல்லிவிடுகிறது. ‘இது அச்சமூட்டும் படம்’ என்று பெயர்ப்பலகை மாட்டிய பிறகு பார்ப்பவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஒன்றைக் கண் கண்டுவிட்டது, ஆனால் அது என்னவென்று மனத்தால் இன்னும் பெயர் சொல்ல முடியவில்லை என்ற இடைவெளி இருக்கிறதே, அச்சம் குடியிருப்பது அந்த இடைவெளியில்தான். டைட்டிலின் வேலை அந்த இடைவெளியை நீட்டிப்பது என்பதே என் கருத்து.

இதை எழுத்தை வைத்தே செய்துகாட்டியது ‘ஏலியன்’ (1979). ரிச்சர்ட் கிரீன்பெர்க் வடிவமைத்த அந்த டைட்டிலில், ஒரு கோளின் மேல் கேமரா மெதுவாக நகர, திரையின் மேற்பகுதியில் தனித்தனிக் கோடுகள் தோன்றுகின்றன. நேர்கோடு ஒன்று, சாய்கோடு ஒன்று. முதலில் அவை எழுத்து என்றே தெரிவதில்லை. படிக்க முடிகிறபோது அது ‘அயலான்’ என்று பொருள்படும் சொல்லாக இருக்கிறது. நமக்குப் பழக்கமான எழுத்தே சிறிது நேரம் நமக்கு அயலாகிவிடுவதுதான் அதன் ஆற்றல்.

ஆங்கில எழுத்தை அப்படி உடைக்கக் கோடுகளைப் பிரிக்க வேண்டியிருந்தது. தமிழில் அந்த வசதி எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஐகாரக் குறியும் மெய்க்கு முன்னால் எழுதப்பட்டு, மெய்க்குப் பின்னால் ஒலிப்பவை. இடப்பக்கத்தில் இரட்டைக் கொம்பை மட்டும் திரையில் வைத்துவிட்டு நிறுத்தினால், தமிழ் படிக்கத் தெரிந்த எவருக்கும் ‘ஏ’ அல்லது ‘ஓ’ என்ற ஒலி ஒன்று வரப் போகிறது என்பது தெரியும், ஆனால் உதடு எதையும் உச்சரிக்க முடியாது. நாக்கு மெய்யெழுத்துக்காகக் காத்திருக்கும். ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளி வைப்பது பெரும்பாலும் வழக்கமில்லை, படிப்பவர்தான் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதையும் இதனோடு நினைத்துக்கொள்ளுங்கள். நம் எழுத்தில் ஐயத்துக்கு இடம் எப்போதும் இருந்திருக்கிறது.

உங்கள் படத்தின் பெயர் இந்த வகையில் உங்களுக்குக் கிடைத்த கொடை. ‘பேழை’யில் முன்வரும் குறிகள் இரண்டு. முதலில் இரட்டைக் கொம்பு மட்டும் தோன்றட்டும். மூன்று வினாடி கழித்துப் ‘ப’ வந்து சேரட்டும். இப்போது திரையில் ‘பே’ நிற்கிறது. பேய்ப்படம் பார்க்க உட்கார்ந்திருப்பவர் அடுத்த எழுத்தைத் தானே எழுதிவிடுவார். ‘ய்’ வரும் என்று உறுதியாக நம்புவார். அந்த நம்பிக்கையோடு அவரை ஐந்து வினாடி விட்டுவையுங்கள். பிறகு, அவர் எதிர்பாராத ஐகாரக் குறி வரட்டும். அவர் வைத்திருந்த விடை பிழையாகிவிட்டது, புதிய விடை இன்னும் வரவில்லை. கடைசியில் ‘ழ’. உங்கள் கதையும் இதுதானே? உள்ளே இருப்பது என்னவென்று எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெட்டி.

எழுத்துக்கு நடுங்கும் அசைவு, கீறல் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘செவன்’ (1995) படத்துக்காகக் கைல் கூப்பர் கையால் கீறிய எழுத்துகளைக் கொண்டு செய்த டைட்டில் மிகச் சிறந்தது. ஆனால் அங்கே அந்தக் கீறலுக்குக் கதையில் ஓர் ஆள் இருக்கிறான். குறிப்பேடுகளை நிரப்பி, பக்கங்களைத் தைத்துக்கொண்டிருக்கும் கொலைகாரனின் கைவேலையாக அது இருக்கிறது. பிறகு வந்தவர்கள் கீறலை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டார்கள்.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். ‘தி திங்’ (1982) படத்தில் திரையைக் கிழித்துக்கொண்டு ஒளிரும் தலைப்பு, புகை நிரப்பிய மீன்தொட்டி ஒன்றின் பின்னால் குப்பைப் பையை இழுத்துக் கட்டி, அதற்குத் தீ வைத்து, பின்னிருந்து விளக்கடித்து எடுக்கப்பட்டது. முதுநகர் வீட்டின் ஓட்டு இடுக்கு வழியாக விழும் வெயிலில் பெட்டியின் மேல் எழுத்தின் நிழலை விழச் செய்தாலே போதும்.

நேர்வெட்டு (கடலூர், மஞ்சக்குப்பம்) எழுதியது:

மேலே சொல்லப்பட்டவற்றின் அழகை மதிக்கிறேன். ஆனால் நடைமுறையை ஒருவர் சொல்லியாக வேண்டும். 22 நிமிடப் படத்தில் 95 வினாடி என்பது ஏறத்தாழ 7 விழுக்காடு. இந்தப் படத்தைப் பெரும்பாலானோர் பார்க்கப் போவது கைப்பேசியில், பேருந்தில், கட்டைவிரலைத் திரைமேல் வைத்துக்கொண்டு. அரங்கின் இருட்டில் கட்டுண்டு கிடந்த பார்வையாளரை வைத்துச் செய்த உத்திகளை இவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. மேலும், அந்த எட்டுப் பேரும் டைட்டில் இல்லாத வடிவத்தையே விரும்பினார்கள் என்று கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார். படத்தொகுப்பாளனாக என் பரிந்துரை: முதல் காட்சியை முதலில் வையுங்கள், பேத்தியின் கை பூட்டின் மேல் படும் இடத்தில் வெட்டுங்கள், அங்கே தலைப்பைப் போடுங்கள். பெயர்கள் எல்லாம் முடிவில் வரட்டும்.

சுருதிப்பெட்டி (திருப்பாதிரிப்புலியூர்) எழுதியது:

நேர்வெட்டு அவர்கள் சொன்ன இடம் நல்ல இடம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒலி பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். பார்வையைக் கைப்பேசியிலிருந்து எளிதாக விலக்கிவிடலாம். காதில் செருகிய ஒலியை அவ்வளவு எளிதாக விலக்க முடியாது.

‘தி ஷைனிங்’ தொடக்கத்தில் வெண்டி கார்லோஸும் ரேச்சல் எல்கைண்டும் அமைத்த இசை, ‘தீயெஸ் ஈரே’ என்ற இடைக்கால இலத்தீன் பாடலின் மெட்டைக் கொண்டது. இறந்தவர்களுக்கான பூசையில் பாடப்பட்டது அது. பூசை இலத்தீனிலேயே நடந்த காலத்தைக் கண்ட புதுச்சேரியின் மூத்த கத்தோலிக்கர்களுக்கு அது நேரடி நினைவாகக்கூட இருக்கலாம். மேலை நாட்டுப் பார்வையாளருக்கு அது சாவின் மெட்டு என்று பெயர் சொல்லத் தெரியாமல் இருந்தாலும், எங்கோ கேட்டது என்று உடல் அறிந்துகொள்ளும். நமக்கு அந்த இடத்தில் எது இருக்கிறது? சங்கும் சேகண்டியும். அதிகாலையில் தெருமுனையிலிருந்து அந்த ஓசை வந்தால், எந்த வீடு என்று கேட்டுக்கொண்டே எழுந்திருக்காதவர் நம்மில் உண்டா? ஆனால் அதை முழுதாக ஒலிக்கவிட்டால் சாவு வீடு என்ற செய்தியாகிவிடும். சேகண்டியின் ஒரே ஒரு அடியை எடுத்து, அடியை வெட்டிவிட்டு, அதன் பின் நீளும் கார்வையை மட்டும் வையுங்கள். என்ன ஒலி என்று பெயர் தெரியாது, ஆனால் நமக்குத் தெரிந்த ஒலி. புள்ளிக்கோலம் அவர்கள் எழுத்துக்குச் சொன்னது ஒலிக்கும் அப்படியே பொருந்துகிறது.

வெளிநாட்டு உத்தியை அப்படியே எடுத்தால் நம் காதில் வேலை செய்யாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ‘ஹாலோவீன்’ இசையைக் கார்பென்டரே அமைத்தார். அது ஐந்து எண்ணிக்கையில் போகிறது. நான்கில் பழகிய காதுக்கு ஒவ்வொரு சுற்றிலும் கால் தடுக்குவது போல் இருக்கும். நமக்கோ ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்ட சாபு கோயில் வாசலிலேயே கேட்டுப் பழகிய நடை. ஐந்து என்பதாலேயே நமக்குத் தடுக்காது. அங்கே நம்மையும் அச்சுறுத்துவது அந்த எண்ணிக்கையைவிட, அது விடாமல் அதே இடத்துக்குத் திரும்பி வருவதுதான் என்று நினைக்கிறேன்.

பெர்னார்ட் ஹெர்மான் ‘சைக்கோ’ (1960) முழுவதற்கும் தந்திக் கருவிகளை மட்டுமே பயன்படுத்தினார். சால் பாஸ் வடிவமைத்த டைட்டிலில் சாம்பல் நிறப் பட்டைகள் பாய்ந்து வந்து பெயர்களைத் துண்டாக்கும்போது, வில் தந்தியை வெட்டுவது போல் இருக்கும். அந்தப் புயல் அடங்கியதும் படம் ஊர், கிழமை, தேதி, மதியம் 2.43 என்ற மணிவரை எழுத்தில் காட்டித் தொடங்குகிறது. கலவரத்துக்குப் பின் வரும் அந்தத் துல்லியம்தான் கலக்குகிறது. ‘ரோஸ்மேரிஸ் பேபி’ (1968) வேறு வகை: இளஞ்சிவப்பில் சுழித்தெழுதிய எழுத்துகள், நியூயார்க் கட்டடங்களின் கூரைகள், மேலே சொற்களே இல்லாத ஒரு தாலாட்டு. முணுமுணுப்பவர் கதாநாயகி மியா ஃபாரோவேதான். தாலாட்டில் தவறே இல்லை. கேட்கும் குழந்தை யார் என்பதுதான் கேள்வி.

நம் படங்களில் இந்த வேலையைப் பெரும்பாலும் பாட்டுதான் செய்தது. ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963), ‘யார் நீ’ (1966) ஆகியவற்றில் பி. சுசீலாவின் குரல் எங்கிருந்தோ வருவதும், குரலைத் தேடி ஒருவர் நடப்பதும் நினைவிருக்கும். உடல் தெரியாமல் குரல் மட்டும் வருவது நம் மரபுக்கு நன்றாகப் பழகிய அச்சம். உங்கள் பாட்டி கதாபாத்திரம் உயிரோடு படத்தில் வருவதே இல்லை என்றால், அவர் பாக்கு இடிக்கும் ஓசையை டைட்டிலில் வையுங்கள். அலறலைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

ஒளிக்கற்றை (புதுச்சேரி) எழுதியது:

நேர்வெட்டு அவர்களுக்கு ஒரு சொல். கட்டுண்ட பார்வையாளர் வேண்டும் என்கிறீர்கள். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர்களை எந்த இருட்டும் கட்டி வைக்கவில்லை; விரும்பினால் எழுந்து போகலாம், படுத்துத் தூங்கலாம். இருந்தும் வேடம் வரும் நேரத்தில் யாரும் எழுந்ததில்லை. இருவர் ஒரு துணித்திரையைப் பிடித்துக்கொள்வார்கள். பின்னாலிருந்து திரை விருத்தம் கேட்கும், சலங்கை கேட்கும், திரைக்கு மேல் கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். வேடக்காரர் முதுகைக் காட்டி நிற்பார். துரியோதனன் என்று எல்லாருக்கும் தெரியும்; தெரிந்தும் திரை விலகும்வரை பிள்ளைகள் தாயின் முந்தானையை விட மாட்டார்கள். அந்தத் திரையும் ஒரு டைட்டில்தான். நீளம் பிழையன்று, அந்த நேரத்தில் பார்ப்பவருக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போவதுதான் பிழை.

நேர்வெட்டு எழுதியது:

ஐயா சொல்வதை ஏற்கிறேன். 30 வினாடிக்குள் இருந்தால் என் மறுப்பு இல்லை.

கெடிலக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு மூன்று இரவு உட்கார்ந்து புதிய வடிவம் செய்தேன். மொத்தம் 28 வினாடி. வௌவால், இரத்தம், உறுமல், அலறல் நான்கும் இல்லை. பேத்தியின் கை பூட்டில் படும் இடத்தில் காட்சி வெட்டுப்பட்டுத் திரை இருள்கிறது. நான்கு வினாடி ஒலியில்லை. பிறகு பாக்கு இடிக்கும் ஓசை, விட்டு விட்டு. இரட்டைக் கொம்பு. ‘ப’. சேகண்டியின் கார்வை, மிகத் தொலைவிலிருந்து. ஐகாரக் குறி வரும் நொடியில் பாக்கு இடிப்பது நின்றுவிடுகிறது. ‘ழ’ தோன்றும்போது எந்த ஒலியும் இல்லை. நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் பெயர்கள் எல்லாம் முடிவுக்குப் போய்விட்டன.

நேற்று மாலை அதே எட்டுப் பேரில் ஆறு பேரும், படத்தைப் பற்றி ஒன்றும் அறியாத என் அத்தையும் பார்த்தார்கள். ‘பே’ நின்றபோது அத்தை வாய்விட்டே ‘பேய்’ என்று படித்தார். ஐகாரக் குறி வந்ததும் ‘இல்லையே’ என்றார், மிகவும் மெதுவாக. அதன் பிறகு படம் முடியும்வரை அவர் பேசவில்லை. முன்பு கைப்பேசியை எடுத்தவர் இந்த முறை எடுக்கவில்லை.

ஒரே ஓர் ஐயம் மிச்சம் இருக்கிறது. ‘ழ’ முழுதாக ஒரே நேரத்தில் தோன்றுவது சற்றுத் தட்டையாக இருக்கிறது. அதையும் பிரிக்கலாமா?

புள்ளிக்கோலம் எழுதியது:

பிரிக்கலாம். முதலில் மேற்பகுதி மட்டும் வரட்டும். அப்போது அது ‘ம’ போலத் தெரியும், ‘பேமை’ என்று ஒரு சொல் இல்லாததால் கண் ஒரு கணம் தடுமாறும். கீழே இறங்கும் வால் அதன் பிறகு வரட்டும். ஆனால் இரண்டுக்கும் இடையே அரை வினாடிக்கு மேல் வேண்டாம். ‘பே’க்கும் ஐகாரத்துக்கும் இடையில் நீங்கள் சேர்த்து வைத்ததை இங்கே செலவழித்துவிடக் கூடாது. கோப்பை அனுப்பினால் வாலின் வளைவை நானே கையால் வரைந்து தருகிறேன். கணினி எழுத்துருவில் அது மிகவும் ஒழுங்காக இருக்கிறது.